கொற்கையை விட்டுக் கடல் எப்படி விலகியது?

கேள்வி இதுதான்: கொற்கை பாண்டியரின் முத்துத் துறைமுகம் என்று படிக்கிறோம். இன்று அங்கே போனால் வயலும் வாழையும் குளமும்தான். கடலைப் பார்க்க 6, 7 கிலோமீட்டர் கிழக்கே போக வேண்டும். கடல் பின்வாங்கியதா, தாமிரபரணி தடம் மாறியதா, இல்லை சுனாமி மாதிரி ஏதாவது நடந்ததா? எதை வைத்து உறுதியாகச் சொல்கிறார்கள்? இதற்குள் மூன்று தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. கடல்மட்டம் ஏறி இறங்கியதா என்பது ஒன்று. கரைக்கோடு எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்பது இன்னொன்று. ஆறு எந்தத் தடத்தில் ஓடியது என்பது மூன்றாவது. மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் ‘கடல் உள்வாங்கியது’ என்ற ஒற்றை வாக்கியம் ஊரெல்லாம் சுற்றுகிறது.

சுருக்கமான பதில்: கடந்த 2,000, 2,500 ஆண்டுகளில் அங்கே கடல் பெரிதாக இறங்கவில்லை. ஆறுதான் கடலுக்கு முன்னால் மண்ணைக் கொட்டிக் கொட்டித் தரையை நீட்டியது. முகத்துவாரம் கிழக்கே போகப் போக, துறைமுகமும் அதன் பின்னாலேயே போனது. இந்த அளவுக்கு உறுதியாகச் சொல்லலாம். கொற்கை துறைமுகமாக இருந்த நாளில் கரைக்கோடு சரியாக எந்த வயலில் இருந்தது, எந்த நூற்றாண்டில் எத்தனை மீட்டர் நகர்ந்தது என்பதெல்லாம் அதே உறுதியோடு சொல்லக் கூடியவை அல்ல. அதற்கான காரணத்தையும், அதைக் கண்டுபிடிக்கும் முறையையும் கீழே விளக்குகிறேன்.

முதலில் கடல்மட்டம். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடைசிப் பனியுகம் உச்சத்தில் இருந்தபோது உலகெங்கும் கடல் இன்றைய மட்டத்தைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே கிடந்தது. பாக் நீரிணையும் மன்னார் வளைகுடாவின் ஆழமற்ற ஓரங்களும் அப்போது தரை. பனி உருக உருகக் கடல் ஏறியது. சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன் அந்த வேகம் அடங்கியது. அதன்பின் தென்னிந்தியக் கரையில் கடல் இன்றைய மட்டத்தைவிடச் சற்று மேலே, ஓரிரு மீட்டர் அளவுக்கு நின்றிருக்கலாம். ராமேஸ்வரம் பகுதியில் அலைக்கு மேலே காய்ந்து நிற்கும் பழைய பவளத்திட்டுகள் அதைத்தான் காட்டுகின்றன. பிறகு மெல்ல இன்றைய நிலைக்கு வந்தது. ஆக, கடல் ‘கொண்டது’ உண்மைதான், ஆனால் அது நடந்தது கொற்கைக்குப் பல ஆயிரம் ஆண்டுகள் முன்பு. பாண்டியரின் பழைய தலைநகர் என்று சொல்லப்படும் கபாடபுரம் கடலுக்குள் போனது தாமிரபரணி முகத்துவாரத்தில்தான் என்று சொல்பவர்கள் இந்தக் கால வரிசையைக் கவனிக்க வேண்டும். வரலாற்றுக் காலத்தில் அந்த முகத்துவாரத்தில் தரை வளர்ந்துகொண்டுதான் இருந்தது.

கடல் ஏற்றம் அடங்கியபின்தான் ஆறுகளுக்கு டெல்டா கட்ட வாய்ப்பு வந்தது. உலகின் பெரிய டெல்டாக்கள் பெரும்பாலும் 8,500 முதல் 6,500 ஆண்டுகளுக்கு முன்னான இடைவெளியில் உருவாகத் தொடங்கியவை. கடல் தாழ்ந்திருந்தபோது ஆறுகள் தம் பள்ளத்தாக்கைக் குடைந்து ஆழப்படுத்தியிருந்தன. கடல் ஏறியதும் அந்தப் பள்ளத்துக்குள் உப்புநீர் புகுந்து நீண்ட கழிமுகமாக நின்றது. ஆறு கொண்டுவந்த மண் முதலில் இந்தக் கழிமுகத்தின் மேல்முனையை நிரப்பியது. பிறகு படிப்படியாகக் கடல் பக்கம் நகர்ந்தது. நிரம்பாமல் மிச்சமிருந்த பகுதிதான் காயல், உப்பங்கழி. கப்பலும் தோணியும் ஒதுங்க இதைவிட நல்ல இடம் கிடையாது: அலை அடிக்காது, ஆற்று நீர் குடிக்கக் கிடைக்கும், உள்நாட்டுச் சரக்கு ஆற்றுவழியே வந்து சேரும். ஆனால் துறைமுகத்துக்கு இடம் கொடுத்த அதே ஆறுதான் அதைத் தூர்க்கவும் செய்யும். கழிமுகத்தில் அமைந்த எந்தத் துறைமுகத்துக்கும் இந்த ஆபத்து கூடவே பிறந்தது.

தாமிரபரணி இதற்குத் தோதான ஆறு. பொதிகையில் பிறந்து சுமார் 128 கிலோமீட்டர் மட்டுமே ஓடிப் புன்னைக்காயல் அருகே கடலில் சேர்கிறது. செங்குத்தான மலைச்சரிவு, குறுகிய தூரம், தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையிலும் தண்ணீர். சேர்வலாறு, மணிமுத்தாறு, கடனாநதி, பச்சையாறு, சிற்றாறு எல்லாம் வழியில் வந்து கலக்கின்றன. மலையில் அரைபட்ட மண் தங்க இடமில்லாமல் ஸ்ரீவைகுண்டத்துக்குக் கிழக்கே, தரை திடீரெனச் சமமாகும் இடத்தில் வந்து விழுகிறது. 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டி, ஸ்ரீவைகுண்டம் பகுதியே தீவாக நின்றதைப் பலரும் பார்த்தோம். வெள்ளம் வடிந்தபின் வயல்களில் கிடந்த சேறும் மணலும்தான் டெல்டாவின் கட்டுமானப் பொருள். சாதாரண ஆண்டில் ஆறு படியவைப்பது மிகக் குறைவு. நூற்றாண்டுக்குச் சில முறை வரும் பெருவெள்ளங்களே கனமான அடுக்குகளைப் போடுகின்றன. ஆகவே ‘ஆண்டுக்கு இத்தனை மில்லிமீட்டர்’ என்று சராசரி போட்டுக் காலத்தைக் கணக்கிடுவது பெரும் பிழையில் முடியும்.

இந்தப் பள்ளத்தாக்கில் மனிதர் குடியேறிய முறையே நிலத்தின் கதையைப் பாதி சொல்லிவிடும். ஆதிச்சநல்லூரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆற்றின் தென்கரையில் 114 ஏக்கர் பரப்புள்ள தாழிக்காடு, அதாவது இறந்தவர்களைப் பெரிய மண்தாழியில் வைத்துப் புதைத்த இடம். 1876-இல் யாகோர், 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ, 2004-05-இல் இந்தியத் தொல்லியல் துறை எனப் பலமுறை தோண்டப்பட்ட இடம். அது ஒரு பரல்மேடு: மேலே சரளை, அடியில் சிதைந்த வெண்கற்பாறை. அந்தப் பாறையையே குடைந்து தாழிகளை இறக்கியிருக்கிறார்கள். ஏர் ஓடாத, வெள்ளம் ஏறாத மேட்டைச் செத்தவர்களுக்கு ஒதுக்கிவிட்டு, வண்டல் படியும் தாழ்வைப் பயிருக்கு வைத்துக்கொண்டார்கள். சிவகளையிலும் இதே கதைதான். அங்கே ஒரு தாழிக்குள் கிடைத்த நெல்லுக்குக் கி.மு. 1155 என்று காலம் கணிக்கப்பட்டதை 2021-இல் தமிழக அரசு அறிவித்தது. மேட்டில் தாழி, தாழிக்குள் நெல், தாழ்வில் வயல். அப்படியென்றால் 3,000 ஆண்டுகளுக்கு முன்பே இந்த ஆற்றுச் சமவெளியின் மேல்பகுதி நெல் விளையும் அளவுக்கு மண் பிடித்திருந்தது என்று கொள்வது நியாயம். நெல் வேறு இடத்திலிருந்து வந்திருக்கவும் கூடும் என்ற சிறு ஐயத்தையும் ஓரத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இவற்றைவிடப் பழையது தேரி. சாயர்புரம், குதிரைமொழி, தட்டார்மடம் பக்கம் பரந்து கிடக்கும் செம்மணல் மேடுகள் காற்று குவித்தவை. அவற்றில் குறுங்கற்கருவிகள் கிடைக்கின்றன. 1956-இல் ஸாய்னர், ஆல்ச்சின் என்ற ஆய்வாளர்கள் அவற்றைப் பழைய, உயர்ந்த கடல்மட்டத்தோடு பொருத்திக் காலம் சொன்னார்கள். பிற்பாடு மணலையே நேரடியாகக் காலம் கணித்தபோது, தேரி முழுதும் ஒரே காலத்தது அல்ல, உள்நாட்டு மேடுகள் கடலோர மேடுகளைவிட மிகப் பழையவை என்று தெரிந்தது. இதை இங்கே சொல்வதற்குக் காரணம், கடல்மட்டத்தை முதலில் ஊகித்துக்கொண்டு அதைவைத்துக் குடியிருப்புக்குக் காலம் சொல்லும் முறை எவ்வளவு வழுக்கும் என்பதற்கு இதே மாவட்டத்தில் கையருகே இருக்கும் எடுத்துக்காட்டு இது.

இனி துறைமுகம். கி.பி. முதல் நூற்றாண்டின் கிரேக்க வணிகக் கையேடான பெரிப்ளூஸ், பாண்டிய நாட்டுக் கொல்கியில் (கொற்கையைத்தான் அப்படிச் சொல்கிறது) தண்டனைக் கைதிகளைக்கொண்டு முத்துக்குளித்ததைச் சொல்கிறது. அடுத்த நூற்றாண்டில் புவியியல் நூல் எழுதிய தாலமியும் அந்த ஊரைக் குறிப்பிடுகிறார். சங்கப் பாடல்களில் கொற்கை முத்து திரும்பத் திரும்ப வருகிறது. 13-ஆம் நூற்றாண்டுக் கடைசியில் மார்க்கோ போலோ வந்தபோது பேசப்படும் துறைமுகம் கொற்கை இல்லை, காயல். 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் ஊன்றியது புன்னைக்காயலில். அதற்குப்பின் வணிகம் ஆற்றுவாயை விட்டே விலகித் தூத்துக்குடிக்குப் போய்விட்டது. அங்கே ஆற்றுமண் நேராக வந்து தூர்ப்பதில்லை. கொற்கை, பழையகாயல், புன்னைக்காயல் என்ற இந்த மேற்கு-கிழக்கு வரிசையை முதலில் தெளிவாகப் படித்தவர் கால்டுவெல். கொற்கையிலும் காயலிலும் தோண்டிப் பார்த்து 1877-இல் எழுதினார். வண்டல் படிந்து கொற்கை உள்நாடாகிப்போக, வணிகம் காயலுக்கு நகர்ந்தது, காயலுக்கும் பின்னால் அதே கதி நேர்ந்தது என்பது அவர் முடிவு. அவரிடம் இன்றைய கருவி எதுவும் கிடையாது. ஆனாலும் அந்த வாதத்தின் முதுகெலும்பு இன்றுவரை நிற்கிறது. போலோ சொன்ன காயல் பழையகாயலா, காயல்பட்டினமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. பழையகாயலில் சீனப் பீங்கான் ஓடுகள் கிடைப்பது முதல் கருத்துக்குச் சாதகம், ஆனால் அதுமட்டும் வழக்கை முடித்துவிடாது.

ஊர்களின் வரிசை ஒரு வலுவான குறிப்பே தவிர, நிரூபணம் ஆகாது. அரசு மாறினாலும், வணிகக்குழு மாறினாலும், முத்துப்பார் (கடலடியில் முத்துச்சிப்பி வளரும் இடம்) வெறிச்சோடினாலும் துறைமுகம் இடம் மாறும். நிலம் மாறியதா என்று கேட்டால் நிலத்தைத்தான் தோண்டிப் பார்க்க வேண்டும். அதற்குக் கொற்கையிலிருந்து புன்னைக்காயல் வரை, கடற்கரைக்குக் குறுக்காக ஒரு கோடு போட்டு, 500 மீட்டருக்கு ஒரு துளை வீதம் 13, 14 துளை இட வேண்டும். அதற்கு முன் வரைபட வேலை இருக்கிறது. செயற்கைக்கோள் படத்தில் ஸ்ரீவைகுண்டத்துக்குக் கிழக்கே பழைய ஆற்றுத் தடங்கள் வளைந்து வளைந்து தெரியும். ஈரம் அதிகம் பிடிப்பதால் கோடையில் அந்த வளைவுகளில் பயிர் கூடுதல் பச்சையாக நிற்கும். 1960-களில் எடுக்கப்பட்டுப் பின்னால் வெளியிடப்பட்ட உளவுச் செயற்கைக்கோள் படங்கள் இதற்கு இன்றைய படங்களைவிட உதவும், ஏனென்றால் அப்போது வீடும் சாலையும் குறைவு. உயரத்துக்கு மட்டும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ரேடார் உயரத் தரவை நம்பி இறங்கக் கூடாது. அதன் பிழை பல மீட்டர். இந்த டெல்டாவின் மொத்த ஏற்றத்தாழ்வே சில மீட்டர்தான். பனங்காடும் தென்னந்தோப்பும் இருக்கும் இடத்தில் ரேடார் மரத்தலையை அளந்து மேடு என்று காட்டிவிடும். அதை வைத்துப் பழைய கரைமேட்டைக் ‘கண்டுபிடித்த’ வரைபடங்கள் உண்டு. ஒவ்வொரு துளைவாயையும், உயரம் குறித்து நட்ட அளவைக்கல்லிலிருந்து மட்டக்கருவி வைத்து இழுத்துவந்து, சென்டிமீட்டர் கணக்கில் உயரம் எடுப்பதுதான் வழி.

துளையிட ஏற்ற காலம் நீர்மட்டம் இறங்கியிருக்கும் கோடை. 7 சென்டிமீட்டர் விட்டமுள்ள கைத்துளைப்பான், 1 மீட்டர் நீட்டுக்கம்பிகள், இரண்டு ஆட்கள் இருந்தால் 5, 6 மீட்டர் வரை போகலாம். ஒவ்வொரு முறை வெளியே எடுக்கும்போதும் மேலே ஒட்டியிருக்கும் 2, 3 சென்டிமீட்டர் மண்ணை வழித்து எறிந்துவிட வேண்டும். அது துளைச்சுவரிலிருந்து சரிந்து விழுந்தது. அதைச் சேர்த்துக்கொண்டால் மேலடுக்குப் பானைத்துண்டு கீழடுக்கில் ‘கிடைத்துவிடும்’. மிச்சத்தை, நீளவாக்கில் பிளந்த பிளாஸ்டிக் குழாயில் ஆழ வரிசைப்படி அடுக்கி, அளவுகோல் வைத்துப் படமெடுத்து, 10 சென்டிமீட்டருக்கு ஒரு மாதிரி எடுத்துவைக்க வேண்டும். நீர்மட்டத்துக்குக் கீழே மணல் வந்துவிட்டால் துளை நிற்காது, பக்கவாட்டிலிருந்து மணல் ஓடி நிரம்பும். அப்போது 4 அங்குல உறைக்குழாயை இறக்கிக்கொண்டே போக வேண்டும். அதற்கும் கீழே போக இயந்திரமும், மண்ணைக் கலைக்காமல் எடுக்கும் பிளவுக்குழாயும் வேண்டும். தண்ணீர் பாய்ச்சிச் சுழற்றிப் போடும் சாதாரண போர்வெல் சேற்றை வைத்துக் காலம் கணிக்கக் கூடாது. எந்த ஆழத்து மண் எப்போது மேலே வந்தது என்று அதில் தெரியாது.

வெளியே வந்த மண்ணின் நிறத்தை அந்த நிமிடமே நிறப்பட்டியலோடு ஒப்பிட்டு எழுதிவிட வேண்டும். காற்றுப் புகாத கழிச்சேறு வெளியே வரும்போது நீலச்சாம்பலாக இருக்கும், அழுகின முட்டை வாசம் அடிக்கும். வெயிலில் கொஞ்ச நேரம் கிடந்தால் அதிலுள்ள இரும்பு காற்றோடு சேர்ந்து பழுப்பாகிவிடும். மாலையில் உட்கார்ந்து எழுதினால் அதையும் ஆற்றுவண்டல் என்றே எழுதிவைப்போம். ஆற்றுவெள்ளம் போட்ட வண்டல் பழுப்பு. விரலிடுக்கில் மாவாகத் தேயும். பழையதாக இருந்தால் சுண்ணாம்புக் கொட்டைகள் இருக்கும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம், 10 சதவீதக் கரைசல், ஒரு சொட்டு விட்டால் சுண்ணாம்பு நுரைக்கும். பழைய கடற்கரை மணல் வேறு மாதிரி: நன்றாகச் சலித்ததுபோல் ஒரே பருமன், இடையிடையே இல்மனைட், கார்னெட் என்ற கனமான தாதுக்கள் சேர்ந்த கறுப்பு, செந்நிற வரிகள். ஆய்வகத்தில் 63 மைக்ரான் சல்லடையில் கழுவி, தங்கியதை நுண்ணோக்கியில் பார்த்தால் அறைகள் சுருண்ட சுண்ணாம்புக் கூடுகள் தென்படும். இவை ஒருசெல் கடலுயிரிகளான ஃபோராமினிஃபெராவின் கூடுகள். எந்த இனம் அதிகம் என்பதைக்கொண்டு அந்த இடம் திறந்த கடலா, உப்புக் குறைந்த கழியா என்று பிரிக்கலாம். கண்டல், சுரபுன்னை மகரந்தம் கிடைத்தால் அங்கே அலையாத்திக்காடு நின்றது. கோடு நெடுகிலும் இப்படிப் பார்த்து, கீழே கடல்மணல், அதன்மேல் கழிச்சேறு, அதன்மேல் ஆற்றுவண்டல் என்ற வரிசை மேற்கே பழையதாகவும் கிழக்கே புதியதாகவும் வந்தால், தரை வளர்ந்ததற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இந்த வேலையில் பலரும் சறுக்கும் இடம் சிப்பி. ‘கொற்கையில் எங்கே தோண்டினாலும் சங்கும் சிப்பியும் வருகிறது, ஆகவே அங்கே கடல் இருந்தது’ என்பார்கள். கொற்கை சங்கறுத்த ஊர், முத்துக்குளித்த ஊர். அங்கே சிப்பி கிடக்காவிட்டால்தான் வியப்பு. மனிதன் கொண்டுவந்து போட்ட சிப்பி கடலுக்குச் சாட்சி ஆகாது. கையில் எடுத்துப் பாருங்கள். அறுத்த சங்கில் ரம்பம் ஓடிய நேர்கோடு இருக்கும், நடுத்தண்டு மட்டும் தனியாகக் கிடக்கும், கூடவே பானை ஓடும் சாம்பலும் வரும், ஒரே இனம் குவிந்திருக்கும். அந்த இடத்திலேயே வாழ்ந்து செத்த மட்டி அப்படி இருக்காது. இரண்டு ஓடும் இன்னும் சேர்ந்தே இருக்கும், சேற்றுக்குள் செங்குத்தாக, உயிரோடு இருந்த நிலையிலேயே நிற்கும், குஞ்சும் பெரியதும் கலந்திருக்கும். இந்த இரண்டாவது வகைதான் சான்று. சிப்பி இல்லாததையும் அவசரப்பட்டுச் சான்றாக்கக் கூடாது. கழிச்சேற்றிலுள்ள இரும்புக் கந்தகம் காற்றுப்பட்டால் அமிலமாகும். அந்த அமிலம் சுண்ணாம்பு ஓடுகளைச் சுத்தமாகக் கரைத்துவிடும். வைக்கோல் மஞ்சளில் புள்ளி புள்ளியாகக் கறை தெரிந்தால் அங்கே இது நடந்திருக்கிறது என்று பொருள்.

அடுத்த சறுக்கல் குளத்துமண். தாமிரபரணியில் மேலிருந்து கீழே 8 அணைக்கட்டுகள், அவற்றின் கால்வாய்கள், அவை நிரப்பும் குளங்கள். கொற்கையிலேயே குளம் இருக்கிறது. நூற்றாண்டுக்கணக்கில் குளத்தில் படிந்த கருங்களியும் கழிச்சேறும் துளைப்பானில் ஒரே மாதிரி வரும். குளத்துக்களியில் நன்னீர் நத்தைதான் இருக்கும், ஃபோராமினிஃபெரா இருக்காது. மண் உப்புக்கரிக்கிறது என்பது இதில் உதவாது. இன்றைய நிலத்தடி உப்புநீர் எந்த அடுக்கிலும் ஏறியிருக்கும். இன்னொன்று, உழவர்கள் காலங்காலமாகக் குளத்து வண்டலை வண்டியில் அள்ளி வயலில் அடிக்கிறார்கள். அதோடு பானை ஓடுகளும் போய்ச் சேரும். வயலின் மேல் ஒன்றரை அடியில் கிடக்கும் கறுப்பு-சிவப்பு ஓட்டை வைத்து ‘இங்கே ஊர் இருந்தது’ என்று வரைபடத்தில் புள்ளி வைப்பதற்கு முன், அந்த வயலுக்கு வண்டல் எங்கிருந்து வந்தது என்று அங்குள்ள பெரியவர் ஒருவரிடம் கேட்டுவிட வேண்டும். செங்கல் சூளைக்கு மண் எடுத்த பள்ளங்கள், நண்டுவளை, பனைவேர் எல்லாமே அடுக்கைக் கலைக்கும்.

சுட்ட மண் வளையங்களை அடுக்கி இறக்கிய உறைகிணறுகளைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவை இரண்டு பக்கமும் பேசும். பழைய கரைமேட்டு மணலில் மழைநீர் உப்புநீருக்கு மேலே மிதக்கும்; கடல்மட்டத்துக்கு மேலே 1 மீட்டர் நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கலாம் என்பது பொதுவான கணக்கு. கடலோர ஊர்கள் மணல்மேட்டைப் பிடித்து உட்காருவது இதனால்தான். உறைகிணற்றின் அடி உறை எந்த மட்டத்தில் நிற்கிறது என்று அளந்தால், அன்றைய நீர்மட்டம் அதற்குமேலே இருந்தது என்று தெரியும். அதிலிருந்து கடல்மட்டம் பற்றியும் ஓரளவு ஊகிக்கலாம். ஆனால் கிணறு என்பது கீழ் அடுக்குகளைத் துளைத்துக்கொண்டு இறங்கிய ஒன்று. கிணற்றுக்குள் விழுந்த பொருளை, அது கிடந்த ஆழத்து அடுக்கின் பொருளாக எழுதிவிட்டால் 500 ஆண்டு தவறிப்போகும்.

காலக்கணிப்புக்கு வருவோம். கொற்கையில் தமிழகத் தொல்லியல் துறை 1968-69-இல் அகழ்ந்தபோது கிடைத்த கரிக்குக் கி.மு. 785 என்று காலம் சொல்லப்பட்டது. அந்த எண்ணை அப்படியே பிறந்தநாள்போல் மேற்கோள் காட்டுகிறார்கள். அது ஒரு பிழைவீச்சின் நடுப்புள்ளி. மேலும் கி.மு. 800 முதல் 400 வரையான காலத்துக்குக் கரிமக் காலக்கணிப்பின் திருத்தக்கோடு (ஆய்வக எண்ணை நாட்காட்டி ஆண்டாக மாற்ற உதவும் கோடு) ஏறக்குறைய தட்டையாகக் கிடக்கிறது. அந்த 400 ஆண்டுக்குள் எந்த ஆண்டில் வெட்டிய மரமும் ஆய்வகத்தில் ஏறத்தாழ ஒரே எண்ணைத்தான் தரும். தமிழகத்தின் இரும்புக்காலத்துக்கும் தொடக்க வரலாற்றுக் காலத்துக்கும் நடுவேயுள்ள முக்கியமான கட்டம் சரியாக இந்தத் தட்டையில் வந்து விழுவது நம் துரதிர்ஷ்டம். கரி முதிர்ந்த மரத்தின் உள்வைரமாக இருந்தால் அடுப்பில் எரிந்த நாளைவிட நூறு இருநூறு ஆண்டு பழையதாகவும் காட்டும். அதனால்தான் சிவகளை நெல்மணி போன்ற, ஓராண்டில் விளைந்து முடிந்த பொருளுக்கு மதிப்பு அதிகம். கடல்சிப்பியைக் கணித்தால் வேறு சிக்கல்: கடல்நீரிலுள்ள கரிமம் பழையது, உலகச் சராசரியில் சுமார் 400 ஆண்டு கூடுதலாகக் காட்டும், கழிநீரில் அந்தத் திருத்தமும் இடத்துக்கு இடம் மாறும். கழிச்சேற்றில் சிப்பியும் இலையும் இரண்டும் இருந்தால் இலையைத்தான் அனுப்ப வேண்டும்.

மணலுக்கு ஒளித்தூண்டல் முறை இருக்கிறது. மணல்மணி கடைசியாக எப்போது வெயில் கண்டது என்பதை அது அளக்கும். சுத்தம் செய்த வெட்டுமுகத்தில் 5 சென்டிமீட்டர் விட்டம், 25 சென்டிமீட்டர் நீளமுள்ள எஃகுக்குழாயை அடித்து இறக்கி, வெளியே எடுத்த மறுகணம் இரு வாயையும் கறுப்பு உறையால் மூட வேண்டும். வெளிச்சம் பட்ட முனைமண்ணை ஆய்வகத்தில் ஒதுக்கிவிடுவார்கள். பெருவெள்ளக் கலங்கலில் இரவில் அடித்துவரப்பட்ட மணல் போதிய வெயில் காணாமலே புதைந்திருக்கும், ஆகவே உண்மையைவிடப் பழைய காலம் காட்டும். மண்ணின் ஈரப்பதத்தைத் தவறாக எடுத்தாலும் காலம் தவறும்: ஈரக் கணக்கில் 10 சதவீதம் பிசகினால் காலத்திலும் ஏறத்தாழ அதே அளவு பிசகும். 2,000 ஆண்டு மாதிரியில் அது 200 ஆண்டு. எனவே ஒரே துளையில் மேலிருந்து கீழே குறைந்தது மூன்று காலமாவது எடுத்து, அவை வரிசையாக வருகின்றனவா என்று பார்த்தபின்தான் எந்த முடிவுக்கும் வரலாம். சேறு மேற்பாரத்தில் அமுங்கும் என்பதும் நினைவில் இருக்கட்டும். இன்று 4 மீட்டர் ஆழத்தில் இருக்கும் கழிச்சேறு படிந்த நாளில் அதைவிட மேலே இருந்தது.

இப்போது உறுதியையும் ஐயத்தையும் பிரித்து வைக்கிறேன். கொற்கைக்குக் கிழக்கே உள்ள தாழ்நிலம் ஆறும் கடலும் சேர்ந்து புதிதாகக் கட்டியது, துறைமுகங்கள் கிழக்கே நகர்ந்தன, கடைசி 2,000 ஆண்டில் கடல்மட்டம் இறங்கியது இதற்கு முதன்மைக் காரணம் அல்ல: இவை உறுதி. ஆறு தன் கிளைகளை மாற்றிக்கொண்டதும் உறுதியே, பழைய தடங்கள் கண்ணுக்குத் தெரிகின்றன. எந்தத் தடம் எந்த நூற்றாண்டில் ஓடியது என்பது தடத்துக்குள் துளையிட்டுக் காலம் கணித்தால்தான் தெரியும். 6, 7 கிலோமீட்டரை 2,000-ஆல் வகுத்து ‘ஆண்டுக்கு 3, 3.5 மீட்டர்’ என்று சொல்வது பள்ளிக்கூடக் கணக்கு. கொற்கை அன்று நேராகக் கடற்கரையில் இருந்தது என்று அது வைத்துக்கொள்கிறது. நான் அதை நம்பவில்லை. காயலோரத்திலோ, கடலிலிருந்து தோணி நுழையும் ஓடைக்கரையிலோ ஊர் இருந்திருப்பதே இயல்பு. அப்படியானால் கடற்கரை அன்றே ஓரிரு கிலோமீட்டர் கிழக்கே இருந்திருக்கும், வேகமும் குறையும். நிலம் மெல்ல உயர்ந்ததும் ஒரு காரணம் என்ற கருத்து இருக்கிறது. மறுக்க முடியாது, ஆனால் வண்டல் ஒன்றே போதுமான விளக்கமாக இருக்கும்போது அதைத் தனியாக அளந்து காட்டவேண்டிய கடமை சொல்பவருடையது. காடழிப்பும் உழவும் பெருகியதால் வண்டல் கூடியதா என்பதும் அப்படித்தான். நியாயமான ஊகம், ஆனால் உழவு மண்ணை இளக்கிவிட்டது என்றால், குளமும் அணைக்கட்டும் அதே மண்ணை வழியிலேயே பிடித்தும் வைத்தன. சுனாமியைப் பொறுத்தவரை, அது விட்டுப்போவது கடல்மணலின் மெல்லிய விரிப்பு, பெரும்பாலும் சென்டிமீட்டர் கணக்கில். ஒரு துறைமுகத்தை ஒரு நாளில் பாழாக்க அதற்கு வலு உண்டு, 6 கிலோமீட்டர் தரையை உண்டாக்க வலு கிடையாது.

நீங்கள் அந்தப் பக்கத்துக்காரர் என்றால் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கிணறு வெட்டும்போதும், பாலத்துக்குக் கால் தோண்டும்போதும், குளம் தூர்வாரும்போதும் புதிய வெட்டுமுகம் ஓரிரு நாள் திறந்திருக்கும். நீலச்சாம்பல் சேறும், இரண்டு ஓடும் சேர்ந்த மட்டியும் தென்பட்டால், தரையிலிருந்து எத்தனை அடி ஆழம் என்று நாடா பிடித்து அளந்து, அளவுகோலோடு படமெடுத்து, கைப்பேசியில் இடக்குறியீட்டையும் தேதியையும் பதிந்துவையுங்கள். தாழியோ, உறையோ, எழுத்துள்ள ஓடோ தெரிந்தால் கைவைக்காமல் அப்படியே விட்டுவிட்டு வட்டாட்சியருக்கும் மாநிலத் தொல்லியல் துறைக்கும் எழுதுங்கள். பாதுகாக்கப்பட்ட இடத்தில் அனுமதியில்லாமல் தோண்டுவது 1958-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டப்படியும் 1966-ஆம் ஆண்டின் மாநிலச் சட்டப்படியும் குற்றம். மண்ணுக்குள் கிடைக்கும் மதிப்புள்ள பொருளை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டமும் சொல்கிறது. கடிதத்தில் பொருளின் படத்தைவிட, அது எந்த நிற மண்ணில், எந்த ஆழத்தில், மேலும் கீழும் என்ன அடுக்கோடு கிடந்தது என்பதை முதலில் எழுதுங்கள்.